சைவமா, அசைவமா: தட்டில் எது போனது, எது வந்தது?

1917-ல் டென்மார்க்குக்கு ஒரு பெரிய சிக்கல் வந்தது. முதல் உலகப் போரின் கடல் முற்றுகையால் வெளியிலிருந்து தானியமும் தீவனமும் வருவது நின்றுபோனது. அந்த நாட்டில் விளைந்த தானியத்தில் பெரும்பகுதி அதுவரை பன்றிகளுக்கும் மாடுகளுக்கும்தான் போய்க்கொண்டிருந்தது. அரசுக்கு உணவு ஆலோசகராக இருந்த மருத்துவர் மிக்கெல் ஹிண்ட்ஹேடே, பன்றிகளைப் பெருமளவு குறைத்துவிட்டு அவை தின்ற தானியத்தை மனிதர்களுக்கே கொடுத்துவிடலாம் என்றார். அப்படியே செய்தார்கள். தவிடு நீக்காத ரொட்டி, பார்லிக் கஞ்சி, உருளைக்கிழங்கு, காய்கறி, பால், கொஞ்சம் வெண்ணெய் என்று மக்கள் ஓராண்டை ஓட்டினார்கள். இறைச்சி பெரும்பாலும் வசதியானவர்கள் வீட்டுக்குத்தான் போனது.

1917 அக்டோபர் முதல் 1918 அக்டோபர் வரை கோபன்ஹேகனில் பதிவான இறப்புகளை ஹிண்ட்ஹேடே எண்ணிப் பார்த்தார். பஞ்ச காலத்தில் கூடியிருக்க வேண்டிய இறப்பு விகிதம் நன்றாகவே குறைந்திருந்தது. 1920-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் இதை அவர் எழுதினார். இறைச்சி குறைந்தால் ஆயுள் கூடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா என்று இன்றும் இதைக் காட்டிப் பேசுகிறவர்கள் உண்டு.

ஆனால் அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. தானியத்தையும் உருளைக்கிழங்கையும் மிச்சம் பிடிப்பதற்காகச் சாராயம் வடிப்பதற்கும் கட்டுப்பாடு வந்தது, பீரும் குறைந்தது, மதுவின் விலை பல மடங்கு ஏறியது. கூடவே, வெள்ளை ரொட்டி தின்ற ஊர் முழுக்கத் தவிட்டு ரொட்டிக்கு மாறியிருந்தது. இப்போது சொல்லுங்கள், ஆயுளைக் கூட்டியது எது? இறைச்சி போனதா, குடி போனதா, தவிடு வந்ததா?

நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. சைவ உணவு உடம்புக்கு நல்லதா என்ற கேள்வியை ஆராய்கிற எல்லோரும் இன்னும் இந்த முடிச்சோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

யாரை யாரோடு ஒப்பிடுவது

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஆய்வுகளில் சைவம் என்று வருவது, இறைச்சி, கோழி, மீன் மூன்றையும் தவிர்த்துப் பாலும் முட்டையும் சேர்த்துக்கொள்ளும் உணவு. நாம் பேச்சில் சைவம் என்னும்போது முட்டையைச் சேர்ப்பதில்லை. பால், முட்டை, தேன் எதுவும் தொடாதவர்கள் வீகன். இறைச்சியை விட்டு மீனை மட்டும் சேர்த்துக்கொள்கிறவர்களைத் தனிக் கூட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகிறார்கள். இந்த நான்கையும் குழப்பிக்கொண்டால் எந்த ஆய்வையும் எந்தப் பக்கத்துக்கும் வளைத்துவிடலாம்.

சைவம் சாப்பிடுகிறவர்களும் அசைவம் சாப்பிடுகிறவர்களும் உணவில் மட்டும் வேறுபடுவதில்லை. உடல்நலத்துக்காக இறைச்சியை விட்டவர் பெரும்பாலும் சிகரெட்டையும் விட்டிருப்பார், நடைப்பயிற்சியும் போவார், எடையும் குறைவாக இருக்கும். இந்த இரண்டு கூட்டத்தையும் அப்படியே பக்கத்தில் நிறுத்தி ஆயுளை அளந்தால், அளப்பது உணவையா பழக்கத்தையா என்று தெரியாது. இதைத் தாண்ட ஒரு நல்ல வழி, பழக்கவழக்கத்தில் ஏற்கெனவே ஒரே மாதிரி இருக்கும் மக்களிடம் போவது.

அப்படிக் கிடைத்தவர்கள்தான் செவன்த்-டே அட்வென்டிஸ்ட் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். புகை, மது இரண்டையும் அந்தச் சபை விலக்கச் சொல்கிறது. உணவில் மட்டும் அவர்களுக்குள்ளேயே வேறுபாடு உண்டு: சிலர் வீகன், சிலர் சைவம், சிலர் மீன் மட்டும், மற்றவர்கள் இறைச்சியும் உண்கிறவர்கள். கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகம் அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 96,000 அட்வென்டிஸ்ட்களைத் திரட்டியது. அவர்களில் 73,308 பேரின் கணக்கு 2013-ல் வெளியானது. சுமார் 6 ஆண்டுப் பின்தொடர்தலில், சைவ உணவினர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் இறக்கும் வாய்ப்பு 12 சதவீதம் குறைவு. மீன் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு 19 சதவீதம் குறைவு. இந்தப் பலன் பெண்களைவிட ஆண்களிடம் தெளிவாகத் தெரிந்தது.

சரி, முடிந்தது என்று எழுந்துவிட முடியாது. பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திவரும் எபிக்-ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் 1993 முதல் சுமார் 65,000 பேர் சேர்க்கப்பட்டார்கள். வேண்டுமென்றே சைவ உணவினரைத் தேடித் தேடிச் சேர்த்த ஆய்வு அது. அதன் இறப்புக் கணக்கை இன்னொரு ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வோடு இணைத்து 2016-ல் 60,000 பேருக்குப் பார்த்தபோது, மொத்த இறப்பில் சைவத்துக்கும் அசைவத்துக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஆஸ்திரேலியாவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வும் 2017-ல் அதையே சொன்னது.

பிரிட்டன் ஆய்வில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வேறொரு தகவல். அதில் சேர்ந்தவர்களின் இறப்பு விகிதம், சைவம் அசைவம் இருதரப்புக்குமே, நாட்டின் சராசரியில் ஏறக்குறைய பாதிதான் இருந்தது. இப்படியொரு ஆய்வில் பெயர் கொடுத்து, நீண்ட கேள்வித்தாளை நிரப்பி அனுப்பும் அசைவக்காரரும் உடம்பைப் பேணுகிறவர்தான். அவர் தின்னும் இறைச்சியின் அளவும் குறைவு. அப்படிப்பட்டவரோடு ஒப்பிடும்போது சைவத்தின் ஆதாயம் கரைந்துவிடுகிறது. அட்வென்டிஸ்ட் ஆய்வில் ஆதாயம் தெரிகிறதே என்றால், அந்தச் சபையில் சைவம் சாப்பிடுகிறவரும் அசைவம் சாப்பிடுகிறவரும் பிற பழக்கங்களில் முழுக்கச் சமம் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆயுள் என்ற ஒற்றை எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முயன்றால் இப்படித்தான் வழி முட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே, நோய்களைத் தனித்தனியாகப் பார்ப்போம்.

இதயத்தில் தெளிவு அதிகம்

இதய நோய் விஷயத்தில் ஆதாரம் ஒரே பக்கம் சாய்கிறது. எபிக்-ஆக்ஸ்ஃபோர்டின் 48,188 பேரை 18 ஆண்டுகள் கவனித்த கணக்கு 2019-ல் வந்தது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்து வரும் நோய், சைவ உணவினருக்கு 22 சதவீதம் குறைவு. மீன் உண்கிறவர்களுக்கு 13 சதவீதம் குறைவு. சதவீதம் எப்போதும் கொஞ்சம் மிரட்டும். எண்ணிக்கையாகச் சொன்னால், 1,000 பேரை 10 ஆண்டுகள் பார்த்தால் சைவக் கூட்டத்தில் 10 பேருக்கு அந்த நோய் வராமல் இருந்திருக்கும்.

இதை நான் நம்புவதற்குக் காரணம், உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியும். ரத்தத்தில் சுற்றும் எல்டிஎல் கொலஸ்ட்ராலை, அதாவது ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ என்கிறோமே அதை, கல்லீரல்தான் பிடித்து இழுத்து அகற்றுகிறது. அதற்கென்று கல்லீரல் செல்களின் மேல் கொக்கி போன்ற ஏற்பிகள் இருக்கின்றன. நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் அந்த ஏற்பிகள் குறைகின்றன. எல்டிஎல் ரத்தத்திலேயே தங்கி, ஆண்டுக்கணக்கில் குழாய்ச் சுவரில் படிகிறது. கொழுத்த இறைச்சியிலும் வெண்ணெயிலும் இந்தக் கொழுப்பு நிறைய. இன்னொரு பக்கம், ஓட்ஸ், பார்லி, பயறு, பழம் ஆகியவற்றில் உள்ள கரையும் நார்ச்சத்து குடலில் கூழாகி, பித்த அமிலங்களைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடுகிறது. பித்தத்தைத் திரும்பத் தயாரிக்கக் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். அதை ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. இறைச்சியில் நார்ச்சத்து என்பது துளிகூடக் கிடையாது.

நேரடிச் சோதனைகளும் இதற்கு ஒத்துப்போகின்றன. இங்கே யார் எதைச் சாப்பிட வேண்டும் என்பதை ஆய்வாளர்களே பிரித்துக் கொடுத்துவிடுவதால் டென்மார்க் முடிச்சு பெரிதாகக் குறுக்கே வராது. 1982-க்குப் பிறகு நடந்த இப்படிப்பட்ட 30 சோதனைகளைச் சேர்த்து 2023-ல் ஒரு தொகுப்பு வந்தது. சைவ, வீகன் உணவுகளில் எல்டிஎல் சுமார் 10 சதவீதம் குறைந்தது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழுவினர் 22 ஜோடி ஒத்த இரட்டையரைச் சேர்த்தார்கள். ஒருவருக்கு வீகன் உணவு, அவரோடு பிறந்தவருக்கு இறைச்சி சேர்ந்த உணவு, 8 வாரம். மரபணு ஒன்றே, பெரும்பாலும் வளர்ந்த வீடும் ஒன்றே. வீகன் பக்கம் எல்டிஎல் கூடுதலாகக் குறைந்தது, எடையும் குறைந்தது. இறைச்சி சாப்பிட்ட இரட்டையருக்கும் காய்கறியும் முழுத்தானியமும் நிறைந்த நல்ல உணவைத்தான் கொடுத்தார்கள் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அப்படியும் வேறுபாடு தெரிந்தது.

8 வாரம் என்பது ஒரு வாழ்க்கை ஆகாது. மாரடைப்பைக் குறைத்ததா என்று இந்தச் சோதனைகள் பார்க்கவில்லை. ரத்தத்தில் தெரிந்த மாற்றத்தைத்தான் பார்த்தன. ஆனாலும் எல்டிஎல் குறைந்தால் மாரடைப்பு குறையும் என்பது மருந்துகளை வைத்துச் செய்த பெரிய சோதனைகளால் உறுதியான உண்மை. ஆகையால் சங்கிலியின் இரு முனையும் நம் கையில் இருக்கிறது.

இறைச்சி என்று ஒன்று இல்லை

தொத்திறைச்சி, பேக்கன், ஹாம் போன்றவற்றில் உப்பு, நைட்ரைட் சேர்த்து, புகையூட்டி, பதப்படுத்துகிறார்கள். அன்று வெட்டிச் சமைத்த ஆட்டிறைச்சியோ கோழியோ வேறு. மீன் முற்றிலும் வேறு. இவற்றை ஒரே சொல்லில் அடக்கி “இறைச்சி நல்லதா கெட்டதா” என்று கேட்டால் கிடைக்கும் பதிலும் கலங்கலாகவே இருக்கும்.

2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு பதப்படுத்திய இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்ற முதல் பிரிவில் வைத்தது. ஆடு, மாடு, பன்றி போன்ற சிவப்பு இறைச்சி “தரக்கூடும்” என்ற அடுத்த பிரிவில் வந்தது. 10 நாடுகளைச் சேர்ந்த 22 நிபுணர்கள் 800-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பார்த்து எடுத்த முடிவு. நாள்தோறும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்றார்கள்.

உடனே “சிகரெட்டும் தொத்திறைச்சியும் ஒன்று” என்று செய்திகள் பறந்தன. அது தவறான வாசிப்பு. அந்தப் பிரிவு, ஒரு பொருள் புற்றுநோய் தரும் என்பதற்கு ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைக் காட்டுகிறதே தவிர, எவ்வளவு ஆபத்து என்பதைக் காட்டுவதில்லை. உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 34,000 புற்றுநோய் இறப்புகளுக்குப் பதப்படுத்திய இறைச்சி காரணமாக இருக்கலாம் என்றும், புகையிலைக்குச் சுமார் 10 லட்சம் என்றும் அப்போது எடுத்துக்காட்டப்பட்ட மதிப்பீடே சொன்னது. 18 சதவீதம் என்பதும் 100 பேரில் 18 பேர் கூடுதலாக என்று பொருள்படாது. வாழ்நாளில் 100 பேரில் சுமார் 5 பேருக்கு வரக்கூடிய நோய், தினமும் அதைச் சாப்பிட்டால் சுமார் 6 பேருக்கு வரும். சிறியதுதான். ஆனால் ஒரு நாட்டு மக்கள் முழுக்கத் தின்றால் சிறியது பெரியதாகிவிடும்.

சர்க்கரை நோயிலும் இந்தப் படிநிலை தெரிகிறது. சுமார் 20 லட்சம் பேரின் தரவுகளைச் சேர்த்து 2024-ல் வந்த ஆய்வில், பதப்படுத்திய இறைச்சி நாளொன்றுக்கு 50 கிராம் என்றால் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் 15 சதவீதம் கூடுதல். சிவப்பு இறைச்சி 100 கிராமுக்கு 10 சதவீதம். கோழி 100 கிராமுக்கு 8 சதவீதம். கோழியின் தொடர்பு உறுதி குறைந்தது. 21 நாடுகளில் நடந்த ப்யூர் ஆய்வு இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது: பதப்படுத்திய இறைச்சி கூடுதலாக உண்டவர்களுக்கு இதய நோயும் இறப்பும் கூடுதல், பதப்படுத்தாத இறைச்சிக்கு அப்படித் தொடர்பு தெரியவில்லை.

2019-ல் ஒரு நிபுணர் குழு, சிவப்பு இறைச்சிக்கு எதிரான ஆதாரங்கள் பலவீனமானவை, மக்கள் இப்போது உண்ணும் அளவையே தொடரலாம் என்று எழுதிப் பெரிய சண்டை கிளம்பியது. அவர்கள் எண்களை மறுக்கவில்லை. யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துக் கணக்கெடுக்கும் வெறும் கவனிப்பு ஆய்வுகளை வைத்து மக்களைச் சாப்பாட்டை மாற்றச் சொல்லலாமா என்பதுதான் அவர்கள் எழுப்பிய கேள்வி. நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன். அவர்களின் பதிலோடு எனக்கு உடன்பாடில்லை. 50 ஆண்டுகளுக்கு லட்சம் பேரைப் பிரித்து வைத்துச் சாப்பாடு போட்டு யாராலும் சோதிக்க முடியாது. கையில் இருக்கும் ஆதாரங்கள் பல திசைகளிலிருந்தும் ஒன்றையே சுட்டும்போது அதன்படி நடப்பதுதான் புத்தி.

காலியான இடத்தில் என்ன வந்தது

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான். “சைவம்” என்ற சொல் எதைச் சாப்பிடுவதில்லை என்பதைத்தான் சொல்கிறது. எதைச் சாப்பிடுகிறார் என்பதைச் சொல்வதில்லை. சர்க்கரை கரைத்த குளிர்பானம் சைவம். மைதா பிஸ்கட் சைவம். எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு சைவம். வெண்ணெய், தேங்காய் எண்ணெய், பாமாயில் எல்லாம் சைவம். இவற்றில் தேங்காய் எண்ணெயின் கொழுப்பில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. இவற்றாலேயே ஒருவர் வயிற்றை நிரப்பிக்கொண்டு, தான் இறைச்சி தொடாதவர், அதனால் இதயம் பத்திரம் என்று நம்பலாம். அந்த நம்பிக்கை அவரைக் காப்பாற்றாது.

இதை நேராகவே அளந்து பார்த்தார்கள். அமெரிக்காவில் செவிலியர்கள், மருத்துவத் துறையினர் என்று 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் உணவுப் பதிவுகளை எடுத்து, ஹார்வர்டு ஆய்வாளர்கள் தாவர உணவையே இரண்டாகப் பிரித்தார்கள். முழுத்தானியம், பழம், காய்கறி, பயறு, கொட்டைகள் ஒருபுறம். இனிப்புப் பானம், தீட்டிய தானியம், உருளைக்கிழங்கு, இனிப்புப் பண்டங்கள் மறுபுறம். முதல் வகை மிகுந்த உணவு உண்டவர்களுக்கு இதய நோய் வாய்ப்பு 25 சதவீதம் குறைவு. இரண்டாம் வகை மிகுந்தவர்களுக்கு 32 சதவீதம் கூடுதல். 2017-ல் வந்த முடிவு இது. இரண்டுமே தாவர உணவுதான். ஆனால் ஒன்று காக்கிறது, மற்றொன்று கெடுக்கிறது.

சிவப்பு இறைச்சியைப் பற்றிய 36 சோதனைகளைத் தொகுத்த 2019 ஆய்வும் இதே இடத்துக்குத்தான் வருகிறது. இறைச்சியை எல்லா மாற்று உணவுகளோடும் மொத்தமாக ஒப்பிட்டால் எல்டிஎல்-இல் பெரிய வேறுபாடு இல்லை. பயறு, சோயா, கொட்டை போன்ற நல்ல தாவரப் புரதங்களோடு மட்டும் ஒப்பிட்டால், தாவரப் பக்கம் எல்டிஎல் குறைகிறது. ஆக, இறைச்சி போன இடத்தில் பயறு வந்தால் லாபம். மைதா வந்தால் ஒன்றும் இல்லை, சில நேரம் நட்டம்.

அப்படிப் பார்த்தால் டென்மார்க் கதையும் வேறாகத் தெரிகிறது. பன்றி இறைச்சி போன இடத்தை அங்கே நிரப்பியது தவிட்டு ரொட்டியும் பார்லியும். வெள்ளை ரொட்டியும் சர்க்கரையும் நிரப்பியிருந்தால் அந்த ஆண்டின் கணக்கு எப்படி வந்திருக்குமோ.

சைவம் கேட்கும் விலை

நல்ல சைவ உணவிலும் கவனிக்க வேண்டிய இடங்கள் உண்டு. இதைச் சைவ ஆர்வலர்கள் பலர் வாய் திறந்து சொல்வதில்லை. சொல்லாமல் விடுவது அக்கறையாகாது.

இதய நோயில் 22 சதவீதம் குறைவு என்று சொன்ன அதே 2019 கணக்கு, பக்கவாதம் சைவ உணவினருக்கு 20 சதவீதம் கூடுதல் என்றும் சொன்னது. பெரும்பாலும் மூளையில் ரத்தக்கசிவால் வரும் வகை. 1,000 பேருக்கு 10 ஆண்டில் 3 பேர் கூடுதல். 10 பேர் இதய நோயிலிருந்து தப்பியதை இதோடு வைத்துப் பார்த்தால் மொத்தத்தில் லாபம்தான். எல்டிஎல் மிகவும் குறைவது ஒரு காரணமாக இருக்கலாம் என்றும், பி12 போன்ற சில சத்துகள் குறைவது காரணமாக இருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். ஆனால் 2020-ல் தைவானில் பௌத்தர்களிடம் செய்த ஆய்வில் சைவ உணவினருக்குப் பக்கவாதம் குறைவாகவே இருந்தது. எனவே இது சைவத்தோடு ஒட்டிப் பிறந்த ஆபத்து என்று சொல்லத் தயங்குகிறேன்.

எலும்பு விஷயம் அதைவிட உறுதி. எபிக்-ஆக்ஸ்ஃபோர்டின் 2020 கணக்கில் வீகன்களுக்கு எலும்பு முறிவு 43 சதவீதம் கூடுதல். இடுப்பு எலும்பு முறிவு இரண்டு மடங்குக்கும் மேல். பால் சேர்த்துக்கொண்ட சைவ உணவினருக்கும் இடுப்பு முறிவு ஓரளவு கூடுதலாகவே இருந்தது. உடல் எடை குறைவு என்பது இதில் ஒரு பகுதி: விழும்போது எலும்பைக் காக்கும் தசையும் கொழுப்பும் குறைவு. கால்சியம், புரதம் குறைவது இன்னொரு பகுதி. எடையையும் இந்தச் சத்துகளையும் கணக்கில் எடுத்தபின் வேறுபாடு சுருங்கியது, மறையவில்லை. முதுமையில் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் விழுவது என்னவென்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இது அலட்சியமாகத் தாண்டிப் போகிற எண் அல்ல.

புரதம் பற்றிய பயம் பெரும்பாலும் தேவையற்றது. தானியத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயறில் அது நிறைய. இரண்டையும் ஒரே வேளையில் சேர்த்தே சாப்பிட வேண்டும் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். இப்போது அப்படி யாரும் சொல்வதில்லை, ஒரு நாளுக்குள் இரண்டும் வந்தால் போதும். சோறும் ரொட்டியுமே சாப்பாடு என்றிருக்கும் சைவத்துக்குத்தான் சிக்கல். அப்புறம், முதியவர்களுக்குத் தசை கரைவதால் புரதத் தேவை கூடுகிறது, பசியோ குறைகிறது. அவர்கள் தட்டை மட்டும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

இரும்புச்சத்து இறைச்சியில் ஹீம் என்ற வடிவில் இருக்கிறது. உடம்பு அதை எளிதாக உறிஞ்சும். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு அவ்வளவு எளிதாக உள்ளே போகாது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா என வைட்டமின் சி உள்ளது எதையாவது அதே வேளையில் சேர்த்தால் உறிஞ்சுதல் கூடும். சாப்பிட்ட கையோடு டீயோ காபியோ குடித்தால் குறையும். மாதவிடாய்க் காலத்தில் உதிரப்போக்கு அதிகமுள்ள பெண்களுக்கு இந்தச் சின்ன மாற்றமே நிறைய உதவும்.

பி12 கதையை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். 1920-களின் நடுப்பகுதி வரை ஒருவகை ரத்த சோகை வந்தால் சாவுதான் முடிவு என்றிருந்தது. 1926-ல் ஜார்ஜ் மைனாட், வில்லியம் மர்ஃபி இருவரும் நோயாளிகளுக்கு நாள்தோறும் நிறைய ஈரல் கொடுத்து அவர்களை எழுப்பி உட்கார வைத்தார்கள். 1934-ல் ஜார்ஜ் விப்பிளோடு சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஈரலில் இருந்த அந்தப் பொருள் 1948-ல் தனியாகப் பிரிக்கப்பட்டது: பி12. அதன் சிக்கலான வடிவத்தை எக்ஸ்-கதிர்களால் வரைந்து காட்டியவர் டோரதி ஹாட்ஜ்கின். 1964-ல் அவரும் நோபல் பெற்றார்.

இந்தச் சத்தைத் தாவரமும் உண்டாக்குவதில்லை, விலங்கும் உண்டாக்குவதில்லை. பாக்டீரியா மட்டுமே உண்டாக்கும். மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் பாக்டீரியா மாட்டுக்குத் தேவையானதைச் செய்து கொடுத்துவிடுகிறது. நம் பெருங்குடலிலும் அப்படிச் செய்யும் பாக்டீரியா உண்டு. ஆனால் பி12-ஐ உறிஞ்சும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி, அதாவது பெருங்குடலுக்கு முன்னால். கீழே உண்டானதை மேலே கொண்டுபோக வழியில்லை. அதனால் உணவில் வந்தே தீர வேண்டும்: இறைச்சி, மீன், முட்டை, பால், அல்லது மாத்திரை. ஸ்பைருலினா என்ற பாசியில் பி12 இருப்பதாக விற்கிறார்கள். அதில் பெரும்பகுதி நம் உடம்பு பயன்படுத்த முடியாத போலி வடிவம்.

நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் போதும். கல்லீரல் சில ஆண்டுகளுக்குத் தேவையானதைச் சேமித்தும் வைக்கிறது. ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. வீகனாக மாறியவர் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் நன்றாகவே இருப்பார், “எனக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்பார். சேமிப்பு தீர்ந்தபின் களைப்பு, நாக்குப் புண், கால் மரத்துப்போவது, ஞாபகமறதி என மெல்ல வரும். ஃபோலேட் சத்து நிறைந்த கீரை உணவு ரத்த சோகையை மறைத்துவிடும். அடியில் நரம்பு கெட்டுக்கொண்டே போகும். நீண்ட காலம் கெட்ட நரம்பு முழுதாகத் திரும்புவதில்லை. தாய்க்குப் பி12 இல்லாமல் தாய்ப்பாலை மட்டும் குடித்து வளரும் குழந்தைக்கு இது சில மாதங்களிலேயே மூளை வளர்ச்சியைத் தாக்கலாம், ஏனென்றால் அந்தக் குழந்தைக்குச் சேமிப்பு மிகக் குறைவு. இவ்வளவு பெரிய கேட்டை ஒரு சின்ன மாத்திரை தடுத்துவிடும் என்னும்போது, “இயற்கையாகவே கிடைத்துவிடும்” என்று சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

கடலிலிருந்து வரும் ஒமேகா-3 கொழுப்பும் இப்படித்தான். ஆளி விதை, வால்நட் ஆகியவற்றில் உள்ளதை உடம்பு மிகக் கொஞ்சமே தேவையான வடிவத்துக்கு மாற்றுகிறது. மீனுக்கும் அது பாசியிலிருந்துதான் வருகிறது. பாசி எண்ணெய் மாத்திரை இப்போது கிடைக்கிறது. அயோடின் கலந்த உப்பும் கால்சியமும் வீகன்கள் மறக்கக் கூடாதவை.

இனி கேள்விக்கே வருகிறேன். எல்டிஎல் கூடுதலாக உள்ளவர், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உள்ளவர், சர்க்கரை நோயின் விளிம்பில் நிற்பவர் என்னைக் கேட்டால், தட்டைப் பயறு, காய்கறி, முழுத்தானியத்தால் நிரப்பச் சொல்வேன். அது முழுச் சைவமாக இருந்தால் நல்லது, வாரத்தில் சில நாள் மீன் வந்தாலும் நல்லது. அட்வென்டிஸ்ட் ஆய்வில் மிகக் குறைவான இறப்பு அந்த மீன் உண்ட கூட்டத்தில்தான் இருந்தது. தினமும் பதப்படுத்திய இறைச்சி சாப்பிடுகிறவர் அந்த ஒன்றை நிறுத்தினாலே பெரிய மாற்றம். பயறும் காய்கறியும் நிறையச் சாப்பிட்டு, வாரத்தில் இரண்டு நாள் கோழியோ ஆட்டிறைச்சியோ அளவாகச் சாப்பிடுகிறவர், அதை மட்டும் விட்டுவிடுவதால் உடல்நலத்தில் பெரிதாக எதையும் அடைந்துவிடுவார் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. உயிர் மேல் உள்ள இரக்கத்தாலோ பூமியின் மேலுள்ள அக்கறையாலோ விடுகிறவருக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. அவர் செய்ய வேண்டியது பி12-ஐ மறக்காமல் இருப்பது.

ஏற்கெனவே சைவமாக இருந்து, சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையோ, நெஞ்செரிச்சலுக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோ ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களிடம் ஒரு தனி வேண்டுகோள். அந்த மருந்துகளும் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றன. உணவிலும் குறைவு, உறிஞ்சுவதிலும் குறைவு என்று இரண்டும் சேரும்போது காலில் வரும் மரத்துப்போதலைச் சர்க்கரை நோயின் கணக்கில் எழுதிவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறோம். அடுத்த முறை ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது பி12 அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.